கைக்குக் கை கொடுத்த உப்பு

ஏரிகள் நிரம்புக, குடிகள் பிணியின்றி வாழ்க. ஆழிவள நாட்டு வேந்தர், ஏழ்துறை காவலர், திருவளத்தேவரின் ஆணைப்படி பிணிநீக்கு மண்டபத்து அமைச்சன் கூடலாதன் எழுதும் ஓலை. திரையூர்ச் சீமையின் தலைவரும், உப்பளங்களுக்கு உரியவரும், அலைவென்றார் என்னும் பட்டம் தாங்கியவருமான பொன்னங்கடம்பர் கண்டு நலம் பெறுக. தங்கள் அளங்களில் விளைச்சல் பெருகுக. தங்கள் வாசலில் வழக்கு குறைக.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. செவிலியர் சாலை மாணவியர் நால்வரைக் காவலில் வைத்திருப்பதாகவும், அவர்கள் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுப் பொறியைப் பூட்டி வைத்திருப்பதாகவும், வேந்தர் இசைந்தால் பொறியைக் கடலில் எறிந்து மாணவியரைத் தலைநகருக்கே துரத்திவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கீழளம் என்னும் ஊரில் இறந்த குழந்தையின் பழி அவர்களையே சேரும் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை வேந்தர் மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஆகவே ஆள் அனுப்பி விசாரித்தேன். அறிந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

மழை வெள்ளம் வடிந்தபின் தங்கள் சீமையில் கழிச்சல் நோய் கண்டது. நோய்கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை விடாமல் புகட்டினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கழிச்சல் கண்ட குழந்தைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது அங்குள்ள தாய்மாரின் நம்பிக்கை. அதை மாற்றப் படச்சீலைகள் வேண்டியிருந்தன. ஓவியர் ஒரு சீலை வரைந்து முடிக்கும் முன் நோய் ஊர் தாண்டிவிடும் என்பதால், சொன்னதை எழுதி, கேட்டதை வரைந்து தரும் அந்தப் பொறியை மாணவியரிடம் கொடுத்தோம். மாணவியருக்குத் தலைவி அல்லியங்கோதை என்பவள்.

அவர்கள் பொறி சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. ஆற்று நீரைத் துணியில் வடிகட்டினால் போதும் என்று அது எழுதியபோது, அல்லியங்கோதை அதை அடித்துவிட்டு, கொதிக்கவைத்து ஆற்றிய நீர் என்று திருத்தினாள். கலந்த நீர் கண்ணீரைவிடக் கரிக்கலாகாது என்று தன் கையால் சேர்த்தாள். மருந்து முழுவதும் சரியாக இருந்தது. பிழை படத்தில் இருந்தது. செவிலி ஒருத்தி சிரித்த முகத்தோடு தன் உள்ளங்கை உப்பைத் தாய் ஒருத்தியின் உள்ளங்கையில் இடுவதாகப் பொறி வரைந்திருந்தது. கண்ணுக்கு இனிய படம். மாணவியர் மெச்சினர், இந்த மண்டபமும் மெச்சி முத்திரையிட்டது. சீலைகள் சந்தைகளில் தொங்கின.

கைக்குக் கை உப்புத் தரலாகாது என்பது நாடெங்கும் உள்ள வழக்கம். உப்பளக் குடிகளிடம் அப்படிக் கொடுப்பது எந்த நாளில் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரைக் குடும்பத்திலிருந்து தள்ளிவைக்கும் நாளில் மட்டுமே அவ்வாறு கொடுப்பார்கள். அரண்மனை தம்மைக் கைவிட்டதாகச் சந்தைதோறும் படம் போட்டு அறிவிக்கிறது என்றே மக்கள் எண்ணினர். செவிலியர் தந்த உப்பு, சர்க்கரைப் பொட்டலங்களைத் திருப்பி எறிந்தனர். புகட்ட வேண்டியதைப் புகட்டாததால்தான் கீழளத்துக் குழந்தை இறந்தது. அந்த இழப்பை மறைக்க இந்த ஓலை எழுதப்படவில்லை.

காவலில் வைத்த மறுநாள், கீழளத்தில் கருவாடு விற்கும் பவழாத்தாள் என்பவள் மாணவியரை வைது தீர்க்கவென்றே சிறைவாசலுக்கு வந்தாள். அவள் பேச்சைத் திருத்தாமல் எழுதுகிறேன்: "ஒறவ அறுக்கணும்னாத்தான் நாங்க கையில உப்பக் குடுப்போம். அரமனைக்காரவுக எங்கள அறுத்துவிட்டாச்சுன்னு படம் போட்டுக் காட்டிட்டு, இப்ப மருந்தக் குடின்னா எவ குடிப்பா?"

அப்போதுதான் அல்லியங்கோதைக்கு விளங்கியது. அவள் மறுத்துப் பேசவில்லை. "எப்படிக் கொடுத்தா வாங்கிக்குவீங்க, அக்கா?" என்று கேட்டாள்.

"கீழ வையி தாயி, நான் எடுத்துக்கிடுதேன். இதக்கூட ஒங்க ஆத்தா சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தாங்க. படம் அழகா இருந்துச்சா, மறந்துபோச்சு."

அதைக் கேட்டுப் பவழாத்தாள் சிரித்துவிட்டாளாம். அல்லியங்கோதை காவலனிடம் கரித்துண்டு ஒன்று கேட்டு வாங்கி, பறிமுதல் செய்த சீலை ஒன்றிலேயே அந்தக் கைகளை அழித்து, தரையில் ஒரு வாழையிலையும், இலையில் உப்பும், தாய் தானே குனிந்து எடுப்பதுமாக வரைந்து கொடுத்தாள். கோணல்மாணலான படம். பவழாத்தாள் அதைச் சுருட்டி எடுத்துப்போய்க் கீழளத்தில் கட்டினாள். அன்று மாலையே அவள் தெருவில் நோய்கண்டிருந்த குழந்தைகள் அந்த நீரைக் குடித்தன. இந்த ஓலை எழுதும்வரை அங்கே இன்னொரு சாவு இல்லை. ஆனால் கரித்துண்டால் வரைந்த சீலை ஒன்றே ஒன்று. நோயோ வடகரைக் குப்பங்களுக்கு ஏறிவிட்டது.

பொறி பொய் சொல்லிவிட்டது என்கிறீர்கள். எழுதி வைத்ததை மட்டுமே அது கற்றிருக்கிறது. இந்த வழக்கம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் எவரும் எழுதி வைக்கவில்லை. தெரிந்த பெண்கள் அருகிலேயே இருந்தார்கள். அவர்களும் பார்க்கத் தவறினார்கள். கடலில் எறிவதால் இது தீராது.

ஆகவே வேந்தர் ஆணை இது. இந்த ஓலை கண்டவுடன் மாணவியர் நால்வரையும் விடுவித்து, பொறியை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். புதிய படத்தைப் பொறியே வரையட்டும்; வடகரை முழுவதற்கும் வேண்டிய சீலைகள் விரைவில் வேண்டும். ஆனால் எந்தச் சீலையும், எந்த ஊருக்குச் செல்கிறதோ அந்த ஊர்த் தாய்மார் பார்த்துக் குறை சொல்லி, அக்குறை தீர்ந்த பின்னரே தொங்க வேண்டும். முதல் சீலையைப் பார்க்க வேண்டியவள் பவழாத்தாள். அவள் வைதால் வையட்டும். மண்டபத்து முத்திரை அதற்குப் பின்னரே விழும். இறந்த குழந்தையின் வீட்டுக்கு அல்லியங்கோதை போக வேண்டும். அவளை அழைத்துப்போக வேண்டியவர் தாங்கள்.

அறுந்ததாக மக்கள் எண்ணும் உறவைச் சீலை மட்டும் முடிச்சிட்டுச் சேர்த்துவிடாது. ஆதலால் வரும் சந்தை நாளில் தங்கள் வாசலில், குடிகள் காண, இலையில் உப்பு வைத்து, வருவோரைத் தம் கையால் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். காலம் தாழ்த்தல் ஆணைக்கு மாறு.

சங்கு முத்திரை இட்டு, மண்டபத்து அரக்கு வைத்து, கூடலாதன் எழுத்து. கடல் உள்ளவரை வேந்தர் சொல் நிற்க.

இந்த ஓலையோடு அரண்மனைச் சமையற்கட்டிலிருந்து ஒரு சிமிழ் உப்பும் வருகிறது. தூதன் அதைத் தங்கள் கையில் தரமாட்டான். தங்கள் முன்னே தரையில் வைப்பான். குனிந்து எடுத்துக்கொள்க.