திருவேங்கடம் போட்ட ஏழு கையெழுத்து

மாமல்லபுரம்
3-9-1974

அன்பு மகன் அப்துல் கையூமுக்கு அத்தா ஸலாம் சொல்லி எழுதுவது. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பில் குறை இல்லை, பம்பாயில் நீயும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். மனசுதான் சரியில்லை. நீ படித்த படகுப் பயிற்சிப் பள்ளியில் ஓர் அநியாயம் நடந்துவிட்டது. பிரின்சிபால் செய்யச் சொன்ன காரியத்துக்கு, திருவேங்கடம் என்கிற மாணவனை நீக்கிவிட்டார்கள், அதற்கு என் இங்கிலீஷ் பாட நோட்டையே சாட்சியாக்கினார்கள்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன், கப்பலில் பெயிண்ட் டப்பாவையும் அறிவிப்புப் பலகையையும் எழுத்துக்கூட்டிப் படித்தவன். அதனால் பள்ளி மாணவர்களுக்கும் கடலுக்கு உதவுகிற இங்கிலீஷையே சொல்லித் தந்தேன். இன்று தண்ணீரில் என்ன கொட்டினோம், எத்தனை டின், கொட்டியவன் யார் என்று தினமும் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுத எழுதக் கூச்சம் வரும், கூச்சம் வந்தால் கை நிற்கும் என்று நம்பினேன். ஆடி மாதம் முதல் குப்பையைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆனால் எஞ்சின் கழிவெண்ணெயை முகத்துவாரத்தில் ஊற்றச் சொல்வது பிரின்சிபால், அவரை யார் மறுப்பது? மட்டிச் சிப்பி எல்லாம் செத்து நாறவே, மட்டி பொறுக்கும் பெண்கள் செங்கல்பட்டுக்குப் போய் மனு கொடுத்தார்கள். அதிகாரி வந்தார். பிரின்சிபால் நோட்டை விரித்து, இதோ ஊற்றியவன் கையெழுத்து என்று காட்டினார். திருவேங்கடம் என்று ஒரே பெயர் ஏழு தடவை. நீங்கதானே சார் சொன்னீங்க என்று அவன் அழுதானாம், எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். எங்கும் இல்லை. ஊற்றியவன் பெயரை எழுதச் சொன்ன நான், ஊற்றச் சொன்னவர் பெயரை எழுதச் சொல்லவில்லை. கப்பலிலும் நாங்கள் அப்படித்தான் எழுதினோம்.

மனு கொடுத்தவர்களில் அவன் அம்மா செங்கம்மாளும் ஒருத்தி. நேற்று வாசலில் வந்து நின்று, இன்னா பாய், மட்டியும் பூட்ச்சு, புள்ள படிப்பும் பூட்ச்சு, ஒன் இங்கிலீசு இன்னாத்துக்கு ஆச்சு என்று கேட்டாள். உன் அம்மா மோர் கொடுத்தாள், வாங்கவில்லை. அவன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறானாம். சர்டிபிகேட் இல்லாமல் எந்தக் கப்பலும் அவனை ஏற்றாது.

வம்பு வேண்டாம் அத்தா என்பாய். இதைத் தபாலில் போடாதீர்கள் என்று உன் அம்மாவும் அழுகிறாள். ஆனால் உன் கையும் அதே எண்ணெயை அங்கேதான் ஊற்றியது, அன்றைக்குச் சொன்னவரும் இதே மனிதர். நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய், அன்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அதிகாரி மறுபடி வந்து விசாரிக்க வேண்டும். பிரின்சிபால் உண்மையை எழுதித் தர வேண்டும், தரமாட்டார். ஆகவே மனுவை நான் எழுதிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நீ உன் பெயரும் படித்த வருஷமும் போட்டு, ஊற்றியது நான், சொன்னது இவர் என்று எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப வேண்டும். உன் சர்டிபிகேட்டும் அதே பள்ளி கொடுத்தது, உனக்கும் தொல்லை வரலாம், தெரிந்துதான் கேட்கிறேன். இருபதாம் தேதி வரை பார்ப்பேன். வராவிட்டால் மனுவில் உன் பெயரை நானே எழுதுவேன். என்னை அப்படி எழுத வைத்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

உன் அத்தா,
ஷேக் தாவூத்