கோட்டைச் சந்தில் மாட்டிய கிட்டோவின் தலை

அன்புள்ள எலேரிக்கு,

இங்கே நானும் அம்மாவும் உன் பிள்ளைகள் கிட்டோவும் மாப்லியும் சுகம், நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளை ஹிவெலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற சேதி வந்தால் எங்களுக்கு அதுவே போதும். வீடு பார்த்தாகிவிட்டது என்று நீ எழுதியிருந்ததை அம்மா மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவள் இடுப்புவலி இப்போது தேவலை, ஆனால் படி ஏறக்கூடாதாம். இங்கே பத்து நாளாக மழை விட்டபாடில்லை, சனிக்கிழமைதான் கொஞ்சம் வெயில் தலைகாட்டியது. உடனே அம்மா, "இதுங்க இன்னும் ஒரு நாள் உள்ள குதிச்சா தரையே பேந்துரும், எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று எங்கள் மூவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஆகவே கோட்டைக்குப் போனோம்.

உன்னோடு பள்ளியில் படித்த நெஸ்டாதான் இப்போது அங்கே டிக்கெட் கொடுக்கிறாள். மாப்லிக்கு ஐந்து வயது என்றதும் அவளுக்கு டிக்கெட் வேண்டாம் என்றுவிட்டாள், அதில் மாப்லிக்குப் பெரிய அவமானம். கடல் பக்கத்துக் கோபுரத்தில் பாதிப் படி ஏறியதும் எனக்கு மூச்சு வாங்கியது. நான் சுவரைப் பிடித்து நின்ற நேரத்தில் கிட்டோ, அந்தக் காலத்தில் அம்பு எய்யச் சுவரில் விட்டிருக்கும் சந்துக்குள் ஊர்ந்துபோய், அங்கே போட்டிருக்கும் இரும்புக் கம்பிக்கும் கல்லுக்கும் நடுவே தலையை விட்டிருக்கிறான். போன தலை திரும்பி வரவில்லை, காது தடுத்தது. நான் இழுக்க இழுக்க அவன் உடம்பு விறைத்துக்கொண்டு இன்னும் இறுகியது. பயந்துபோய் இழுப்பதையே விட்டுவிட்டேன் எலேரி, ஒளிப்பானேன். மாப்லி போட்ட கூச்சலில் நெஸ்டா கோட்டை டீக்கடையிலிருந்து வெண்ணெயோடு ஓடி வந்தாள். பார்த்துவிட்டு, "ஆங்கிலேயன் படையே ஆறு மாசம் முட்டியும் உள்ள வர முடியாத கோட்டை மாமா இது, உங்க பேரன் வெளிய போக வழி கண்டுபிடிச்சுட்டானே" என்றாள். கிட்டோ சிரிக்கவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாக, "தாத்தா, அம்மாகிட்ட சொல்லிராதீங்க, சொன்னா எங்கள அங்க கூப்பிடவே மாட்டாங்க" என்றான்.

நியூசிலாந்துக்குக் கிளம்பும்போது, சமத்தாக இருந்தால் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வேன் என்று நீ சொல்லிவிட்டுப் போனாயல்லவா, பிள்ளை அதை அப்படியே மனதில் வைத்திருக்கிறான். இரண்டு மாதமாக அவன் தட்டைத் தானே கழுவுவதையும், தங்கையோடு சண்டை போடாததையும் பார்த்து நல்ல பிள்ளையாகிவிட்டான் என்று நாங்கள் பூரித்துப்போயிருந்தோம், உள்ளே பயந்துகொண்டிருந்திருக்கிறான். உன்மேல் குறை சொல்லவில்லை, எல்லாரும் சொல்கிற வார்த்தைதான், நானும் உனக்குச் சொன்னவன்தான். நான் அவனிடம், "உங்கம்மா ஒன்பது வயசுல சர்ச்சுக்குப் போட்ட புதுச் சட்டையோட இதே கோட்டை அகழிச் சேத்துல விழுந்தாடா, அவள நாங்க அங்கயேவா விட்டுட்டு வந்தோம்? நீ சேட்டை பண்ணினாலும் கூப்பிடுவா, பண்ணாட்டியும் கூப்பிடுவா" என்றேன். நிஜமா என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு உடம்பைத் தளர்த்திவிட்டான். நெஸ்டா வெண்ணெயைத் தடவி மோவாயைத் தோள்பக்கம் திருப்ப, தலை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. காதோரம் லேசான சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. வரும் வழியில் அவனே யோசித்து, "சரி, அம்மாகிட்ட எழுதுங்க, ஆனா நான் அழலன்னு எழுதுங்க" என்றான். அழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மறுநாளே தங்கையின் தலைமுடியைப் பிடித்து இழுத்தான், அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இன்னும் ஒரு வருஷம் எங்களோடேயே இருக்கட்டும் என்று உனக்கு எழுத நினைத்து, பாதிக் கடிதமும் எழுதி வைத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அதை அடுப்பில் போட்டுவிட்டேன். அவர்கள் உன்னிடம்தான் இருக்க வேண்டும், நாங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்கிறோம், அம்மா அதற்குள் விமானப் படி ஏறிவிடுவாள்.

ஆட்டுக்கொட்டகை வேலையில் ஹிவெலை முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொல். உங்கள் இருவருக்கும் ஆண்டவன் துணை இருப்பான், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது சமத்தாக இருக்கிறாயா என்று கிட்டோவிடம் கேட்காதே. எந்தத் தேதியில் விமானம் என்று சொல், அதை உன் வாயால் அவன் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
எம்ரிஸ்