பூட்டியவன், படகு விட்டவர்

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுதி, அடித்துவிட்டேன். இந்த வாரம் அந்த வார்த்தை கைக்கு வரமாட்டேன் என்கிறது. ஃபோனில் நான் பேசினால் நீ கத்துகிறாய், நீ கத்தினால் நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

தேர்தல் முடிவு வந்த அன்று ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் பேப்பர் பிரித்தேன். நம் அமைச்சர், அந்த ஆள், மறுபடியும் ஜெயித்துவிட்டான், அதுவும் போன தடவையைவிட அதிக வித்தியாசத்தில். சரி, துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று பக்கத்தைப் புரட்டினால் உள்ளே ஒரு படம். அவனுடைய கடைசிப் பொதுக்கூட்டம். அமைச்சர் ஒரு சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாற்காலியில் நம் அப்பா. பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நீ. "பாலம் இல்லாதபோதும் எங்களைக் கைவிடாதவர்" என்று நீ பேசியதாகக் கீழே போட்டிருக்கிறார்கள்.

பாலம் ஏன் இல்லை அக்கா? அதையும் மைக்கில் சொன்னாயா?

நான் அந்தப் பாலத்தின் ஒவ்வொரு தூணையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தவன். உள்ளே இருக்கவேண்டிய கம்பியில் பாதிகூட இல்லை. இருந்த பாதியும் துரு. அந்தக் கம்பி எங்கே போயிற்று என்று விசாரணைக் கமிஷனே எழுதிவிட்டது. அவன் துறை, அவன் காண்ட்ராக்டர், அவன் கையெழுத்து. மாதக்கணக்கில் டிவியில் ஓடியது. பாலத்தைத் தின்றவனுக்கு ஒரு தண்டனையும் இல்லை. கண்டுபிடித்தவனுக்கு இந்த இடமாற்றம். பாலமே இல்லாத மாவட்டத்தில் பாலம் சோதிக்கும் இன்ஜினியர் நான். பகலெல்லாம் சாலையோரப் பெயர்ப்பலகைகளைச் சரிபார்க்கிறேன்.

அந்த ஊருக்குச் சூடு சொரணையே இல்லையா? ஊரை விடு. உனக்கு?

உன் தம்பி

*

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் அந்த வார்த்தையை அடிக்கவில்லை. இருக்கட்டும், படித்து முடிக்கும்போது உனக்குத் தேவைப்படும். நீ நலமாக இருக்கிறாய் என்று உன் கோபத்திலேயே தெரிகிறது. அப்பா நலமா என்று நீ கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். உயிரோடு இருக்கிறார். யாரால் என்று பிறகு சொல்கிறேன்.

பாலம் பூட்டிய நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அந்தக் காலை ஞாபகம் இருக்கிறது. முந்தின சாயங்காலம் நீ எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாய். இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டினாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்ததும் அப்பாவை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனால் பாலத்துக்குக் குறுக்கே இரும்புத் தடுப்பு. போலீஸ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, உங்களுக்கே தெரியாதா? உங்க தம்பிதானே கையெழுத்துப் போட்டிருக்காரு!"

ஆஸ்பத்திரி அக்கரையில். சுற்றிக்கொண்டு போனால் அரை நாள். அன்று போகவில்லை. அப்பாவுக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, மூச்சு வாங்கியது. நீ அன்றைக்குத் தலைநகரத்தில் அறிக்கையைக் கொடுத்துக்கொண்டிருந்தாய். பாலத்தடியில் பஞ்சர் கடை வைத்திருந்த உன் அத்தான், வண்டியே வராத சாலையைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். பிறகு கடையை இழுத்து மூடினார். தெருவில் உனக்கு வைத்த பெயர் தெரியுமா? பூட்டுக்காரன். நான் கடைக்குப் போனால் பூட்டுக்காரன் அக்கா.

அதுவரை சுற்றுவழிதான். மழை தொடங்கியபோதுதான் படகு வந்தது. அந்த ஆளே வந்தார். சேற்றில் செருப்போடு இறங்கி நின்றார். அப்பாவின் நாற்காலி ஏறுவதற்கென்று பலகை போடச் சொன்னார். மறுநாள் பலகை இருந்தது. தம்பி, இந்த ஊரில் நான் கேட்டது மறுநாள் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அவர் திருடன் என்று எங்களுக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? படகில் அதுதான் பேச்சே. "பாலத்துல முழுங்கினதைப் படகுல கக்கறாரு, கக்கட்டும்" என்று சிரிக்கிறார்கள். இறங்கும்போது அவருடைய ஆளைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். இரண்டும் நிஜம்தான்.

அவரை எதிர்த்து நின்ற உன் நேர்மையான வேட்பாளரும் வந்தார். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கினார். "நீங்க ஜெயிச்சா படகு இருக்குமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் தற்காலிகம்மா. நாங்க வந்ததும் புதுசா ஒரு கமிஷன் வைப்போம்" என்றார். கமிஷனில் ஏறி அப்பா எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவார்?

கோடி கோடியாய்த் திருடினான் என்று டிவியில் சொன்னால் அது எங்களுக்கு வெறும் சத்தம். நான் பார்க்காத பணம், தொடாத பணம். பலகையை நான் தொட்டிருக்கிறேன். படகுச் சீட்டு கொடுக்கும் ஆள் வந்து, "ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்றான். பேசினேன். காசு வாங்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

சொரணை இருக்கிறதா என்று கேட்டாயே, இருக்கிறது. அது உன் மேல் இருக்கிறது.

அக்கா

*

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

ஆமாம், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அத்தானிடம் சொல்லியிருப்பாய். அத்தான் கடையில் டயரைக் கழற்றிக்கொண்டே நாலு பேரிடம் சொல்லியிருப்பார். காண்ட்ராக்டர் மறுநாளே கோர்ட்டில் தடை வாங்கியிருப்பான். ஏதாவது ஒரு நாள் பள்ளிக்கூடப் பஸ்ஸோடு பாலம் ஆற்றில் கிடந்திருக்கும். மறுபடி அதே நாள் வந்தாலும் சொல்லமாட்டேன். என் வீட்டுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பூட்டுவதற்குப் பெயரும் ஊழல்தான்.

உன் படகைப் பற்றி விசாரித்தேன். கேட்டுக்கொள். மூன்று படகும் அந்த ஆளின் மருமகனுடையது. ஒவ்வொரு நடைக்கும் அரசாங்கம் வாடகை கொடுக்கிறது, வெள்ள நிவாரணக் கணக்கில். அதாவது அவன் எதையும் கக்கவில்லை. இன்னொரு வாய் தின்கிறான். உன் பணத்தில் உன்னை ஏற்றிக்கொண்டு போய், இறங்கும்போது உன்னிடமே கும்பிடு வாங்குகிறான். உன் காலை ஒடித்தவன் ஊன்றுகோல் விற்கிறான், நீ அவனுக்கு மைக்கில் நன்றி சொல்கிறாய்!

படிக்காதவர்கள் ஏமாந்தால் எனக்கு இவ்வளவு எரியாது. நீ ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். எனக்கே கணக்கு நீதான் சொல்லிக்கொடுத்தாய். விடை சரியாக வந்தால் போதாது, வழி எங்கே என்று கேட்டு என் தலையில் குட்டுவாயே. இப்போது வழியைக் கேட்காமல் பலகையை வாங்கிக்கொண்டாய்.

இனி அப்பாவுக்கு மட்டும்தான் எழுதுவேன்.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

அப்பாவுக்கு நீ எழுதுவதையும் நான்தான் படித்துக் காட்டுகிறேன். அவருக்குக் கண் தெரிவதில்லை என்பது மறந்துவிட்டதா? ஆகவே என்னிடம் பேசாமல் இருக்கும் உன் ஏற்பாடு பலிக்கவில்லை. "அக்காவிடம் சொல்லவேண்டாம்" என்று எழுதியிருந்ததையும் உரக்கப் படித்தேன். அப்பா நெடுநேரம் சிரித்தார்.

செய்தி இதுதான். ஜெயித்தால் பாலத்தைச் சரிசெய்து திறப்பேன் என்று அமைச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை பாலம் திறக்கிறார்கள். விரிசல் ஒன்றுகூடத் தெரியவில்லை. நீல வண்ணம் அடித்து, விளக்குப் போட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் புதுப்பாலம் மாதிரிதான் இருக்கிறது. சனிக்கிழமையிலிருந்து படகு கிடையாது. உன் அத்தான் கடையைக் கழுவி, பலகை எழுதி மாட்டிவிட்டார். அந்த மனிதர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அவரிடம் எதையாவது சொல்லி அதையும் கெடுத்துவிடாதே.

நீ சொன்ன மருமகன் கதையைப் படகில் சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. "வேற யாரு படகா இருக்கும்?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இன்னொன்று. இதைக் கேட்கிறேன் என்பதற்காக நான் உன்னோடு சமாதானம் ஆகிவிட்டதாக நினைக்காதே. நிஜமாகவே சரிசெய்துவிட்டார்களா?

அக்கா

*

ஏப்ரல் 9

அக்கா,

போகாதே. அப்பாவைக் கூட்டிக்கொண்டு அதன் மேல் போகாதே. அத்தானையும் போகவிடாதே.

நீ ஃபோனை எடுக்கவில்லை, அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இந்தக் கொஞ்ச நாளில் அந்தத் தூண்களுக்கு யாராலும் கம்பி போட முடியாது. நான் சாக்பீஸால் வட்டம் போட்டுவைத்த இடங்களின் மேல் சிமெண்டைப் பூசி மெழுகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தலைநகரத்துக்கு எழுதினேன். "பழைய கோப்பு, மறு ஆய்வு முடிந்தது" என்று பதில். மறு ஆய்வு செய்தவர் யார் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

என்னை நம்பவேண்டாம். நம் வீட்டுப் பரணில் என் பழைய சுத்தியல் இருக்கிறது. நம் கரையை ஒட்டி இருக்கும் தூணில், தரையில் நின்றபடி எட்டும் உயரத்தில், தட்டிப் பார். பக்கத்தில் பழைய தடுப்புச்சுவர் இருக்கிறதல்லவா, முதலில் அதைத் தட்டு. நல்ல கான்கிரீட் ணங்கென்று திருப்பிப் பேசும். பிறகு தூணைத் தட்டு. உனக்கே தெரியும். இதற்குப் படிப்பு வேண்டாம், காது போதும்.

அப்பாவைச் சுற்றுவழியில் கூட்டிப் போ. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை காலை வந்தது. நேரே படகுச் சீட்டு கொடுக்கும் ஆளிடம் போனேன். ஒரு படகையாவது நோயாளிகளுக்கு விட்டுவையுங்கள் என்றேன். அந்தப் பேப்பர் படத்தையும் காட்டினேன், வெட்கத்தை விட்டு. "பாலந்தான் தொறந்தாச்சே, இனி எதுக்குக்கா படகு?" என்றான். போன மாதம்வரை என்னைக் கண்டால் எழுந்து நின்றவன். உட்கார்ந்தபடியே சொன்னான். அப்படியே அறைந்திருப்பேன்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "என் பையன்தானே பூட்டினான், அவனே வந்து தொறக்கட்டும். அதுவரைக்கும் நான் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பாலத்தடியில், உன் அத்தான் கடை வாசலில், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று கேட்டார்கள். "என்ன பெரியவரே, ஏறலையா?" அவர் சொன்னதையே சொன்னார். வேறு வழியில்லாமல் பரணில் ஏறிச் சுத்தியலை எடுத்து வந்தேன்.

தடுப்புச்சுவரைத் தட்டினேன். ணங். தூணைத் தட்டினேன். காலி டப்பாவைத் தட்டினாற்போல் பொத்தென்றது. ஆட்டோக்காரர் ஒருவர் சுத்தியலைப் பிடுங்கி அவரே தட்டினார். பிறகு இன்னொருவர். காய்கறி வண்டிக்காரம்மா எடைக்கல்லால் தட்டினார். நாலாவது அடியில் நீலப் பூச்சு கையகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே நீ போட்ட சாக்பீஸ் வட்டத்தில் ஒரு துண்டு அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. உன்னை நினைத்து இல்லை. ஆத்திரத்தில்.

இப்போது பஸ் பாலத்தடியில் நிற்கிறது. எல்லோரையும் இறக்கிவிட்டு டிரைவர் காலி பஸ்ஸை அக்கரைக்கு ஓட்டுகிறார். ஜனங்கள் பின்னாலேயே நடந்துபோய் ஏறிக்கொள்கிறார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. லாரிகள் மட்டும் பழையபடி போகின்றன. உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை. ஆனால் ஒரு சிநேகிதரின் காரைக் கடன் வாங்கி, ஒவ்வொரு தடவையும் அப்பாவைச் சுற்றுவழியில் அவர்தான் கூட்டிப்போகிறார். திரும்பி வரும்போது அப்பாவால் தலையை நிமிர்த்த முடிவதில்லை. இப்படி ரொம்ப நாள் தாங்கமாட்டார் என்று டாக்டர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்.

இப்போது என் கோபத்தைக் கேள். உன் அறிக்கை இருநூறு பக்கம். அதைப் படித்தவர்கள் தலைநகரத்தில் இருக்கிறார்கள். அதற்குக் கையெழுத்துப் போட்டார்கள், அலமாரியில் வைத்தார்கள். எங்களுக்கு ஒரு தட்டு போதுமாக இருந்தது தம்பி. ஒரே ஒரு தட்டு! பூட்டிய அன்று காலையில் நீ தலைநகரத்துக்குப் போகாமல் அந்தத் தூணடியில் சுத்தியலோடு நின்றிருந்தால், என்னிடம் முன்கூட்டிச் சொல்லாததைக்கூட மன்னித்திருப்பேன். ஊரே உன் பக்கம் நின்றிருக்கும். நீ தடுப்பைப் போட்டாய், ஒரு தாளை ஒட்டினாய், போய்விட்டாய். உன் உண்மை அக்கரையில் இருந்தது. அவன் பொய் இக்கரையில் சேற்றில் நின்றது. நாங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டிருப்போம், நீயே வழியோடு கணக்குப் போட்டுச் சொல்.

திங்கட்கிழமை அமைச்சர் வருகிறார். குறை கேட்கும் கூட்டம். தட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் போகிறோம். அங்கே நாங்கள் கம்பி, துரு என்று உளறினால் அவன் ஆட்கள் பத்தே நிமிடத்தில் எங்கள் வாயை அடைத்துவிடுவார்கள். அதைச் சொல்லத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். லீவு கிடைக்காது, வேலை போய்விடும் என்று எழுதாதே. போகட்டும். அத்தான் கடையில் டயர் கழற்று.

நீ வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு பேப்பரைப் பார்த்து அதிராதே. அப்பாவுக்கு ஒரு படகு கொடுங்கள் என்று அந்த அமைச்சரிடமே கேட்பேன். அவர் கொடுப்பார். கொடுப்பதில் அவர் கெட்டிக்காரர். அடுத்த தேர்தலில் மைக்கைக் கையில் கொடுத்தால் இன்னும் நன்றாகவே பேசுவேன்.

சுத்தியல் தலை ஆடுகிறது. வரும்போது புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வா.

அக்கா