என்னுடையவை அல்லாத நாற்பத்தொரு பிழைகள்

9 ஏப்ரல் 1985, செவ்வாய்

காலையிலேயே அனல். தோல் பதனிடும் டேனரியின் நாற்றம் ஆபீஸ் வரை. கண்ணாடிக்கு ஸ்குரூ போட வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மெட்ராஸ் இஞ்சினியர் சேகர் அதில் டைப்பிங் பரீட்சை எழுதி வைத்திருக்கிறான். இனி ஏற்றுமதிக் கடிதங்கள் எல்லாம் அதில்தான். தேறினால் என் டைப்பிஸ்ட் நாற்காலி எனக்கே, தேறாவிட்டால் பேக்கிங்கில் அட்டை எழுத வேண்டும்.

அடித்தேன். பிழை நாற்பத்தொன்று. எனக்கு! இருபத்தாறு வருடமாக இந்த ஆபீஸ் டைப்ரைட்டரில் அழிக்க ரப்பரைத் தொட்டதில்லை. நான் அடித்த சொற்களில் நடு எழுத்துகளைக் காணோம்.

பியூன் கரீம்: "இன்னா மேடம், மிஷினு உங்களையே பேஜார் பண்ணிடுச்சா?"

டீ வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

10, புதன்

பதினோரு மணி வரை கரண்ட் இல்லை. மறுபடி அடித்தேன். முப்பத்தெட்டு.

சேகர்: "மெதுவா அடிங்க மேடம். ஒரு பீப் கேட்டப்புறம் அடுத்த கீ."

விசிலுக்குக் காத்திருக்க நான் என்ன பஸ்ஸா? "நீங்க அடிச்சுக் காட்டுங்க" என்றேன். ஒற்றை விரலால் கோழி மாதிரி கொத்தினான். பிழை பூஜ்யம்.

முதலாளி: "பாத்தீங்களா மேடம், சுத்தமா அடிக்கிறாரு."

உடம்பெல்லாம் எரிந்தது. புரோகிராமைக் காகிதத்தில் கேட்டு வாங்கினேன். கூடவே அது எழுதப்பட்ட ‘பேசிக்’ என்ற கம்ப்யூட்டர் மொழியின் கையேடும்.

12, வெள்ளி

வாங்க: ரிப்பன், எலுமிச்சை, கால்சியம் மாத்திரை.

எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார்கள். உட்கார்ந்து வாசித்தேன். எண் போட்ட இங்கிலீஷ் வரிகள், அவ்வளவுதான். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் கொடுத்த இலக்கணப் பாடம் இதைவிடக் கடினம்.

வரி 40: இன்கீ டாலர். அந்த நொடியில் எந்தக் கீ அமுங்கியிருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்க்கும். 50 முதல் 90 வரை: ஒப்பிடு, திரையில் போடு, பிழை எண்ணு, பீப் அடி. பிறகே 40க்குத் திரும்பும். அதற்குள் நான் இரண்டு எழுத்து அடித்தாயிற்று. பார்க்க ஆள் இல்லை! கேட்டில் வாட்ச்மேன் டீக்குப் போய்விட்டு, உள்ளே வந்தவளுக்கு ஆப்சென்ட் போட்ட கதை. ஒற்றை விரல்காரன் எழுதி, ஒற்றை விரலாலேயே சோதித்தால் இது எப்படித் தெரியும்?

எழுதும்போதே பேப்பரைப் பிடுங்கித் திருத்துகிற பரீட்சை உண்டா?

சேகரிடம் காட்டினேன். "மொதல்ல எல்லாக் கீயையும் வாங்கி வைங்க. திருத்துறது கடைசியில. பீப்பை எடுங்க" என்றேன்.

"அது என் டிசைன் மேடம்."

"இது என் பேரு."

13, சனி

மாதனூர்ப் பெண்கள் வரும் கம்பெனி பஸ் தாமதம். வெயில் அப்படியே.

சேகர் புரோகிராமை மாற்றி எழுதியிருந்தான். முதலாளி, கரீம், எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஐந்து நிமிடம் என் வேகத்தில் அடித்தேன். பீப் இல்லை. முடித்ததும் மிஷின் கொஞ்சம் யோசித்தது.

பிழை ஒன்று. கமா வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி.

முதலாளி: "நாற்காலி உங்களுதுதான் மேடம்."

சேகர் குனிந்து, மெதுவாக: "ஒண்ணுதானே மேடம், அதையும் எடுத்துடட்டுமா?"

"தொடாதீங்க. அது நான் பண்ணது."