முகம் சுளிக்காதவர்

ஜூன் 4

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். உன் அக்கா வீட்டில் அனைவரும் நலமென நம்புகிறேன். நீ போய் இருபது நாளாகிறது. என்ன கோபமென்று சொல்லாமலே போய்விட்டாய். நான் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. உன் சமையலை ஒருநாளும் குறை சொன்னதில்லை. இப்போது நானே பொங்கித் தின்கிறேன், பரவாயில்லை. எப்போது வருகிறாய்?

உன் கணவன்

ஜூன் 11

வீட்டுக்காரருக்கு,

குறை சொல்லாததுதான் குறை. பதினோரு வருஷமாக எதைப் போட்டாலும் “பரவாயில்லை.” அக்கா உங்களுக்குப் “பரவாயில்லை மாப்பிள்ளை” என்றே பெயர் வைத்துவிட்டாள். ருசி பார்த்து மதிப்பெண் போடுவது உங்கள் உத்தியோகம். பக்கத்து மேஜைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து மனம் மாறிவிடக் கூடாதென்று முகத்தை அசைக்காமல் தின்ன வேண்டும், சரி. அந்த முகத்தை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வரக் கூடாதா? சுவருக்குப் பரிமாறி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

வெளிநாட்டுப் பண்டமெல்லாம் உங்கள் மேஜைக்கு வருகிறதே, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். “பரவாயில்லை” என்று ஒரு இடத்தில் இருந்தாலும் கடிதம் திரும்பி வரும்.

நான்தான்

ஜூன் 19

அன்புள்ளவளுக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். திங்களன்று நீலப் பூஞ்சை பூத்த பாலாடைக்கட்டி வந்தது. மழையில் நனைந்த காலுறை வாடை. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. பிடிக்கவில்லை. காகிதம்போல் காயவைத்த கடல்பாசி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, ஆனால் பிடித்தது. யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புளிக்கவைத்த முட்டைக்கோஸ் முதல்நாள் குமட்டியது. மூன்றாம்நாள் எப்போது வருமென்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய் ஒன்று. அதைக் கண்டுபிடித்த புண்ணியவானைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். பிடிக்கவில்லை என்றால் தட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். வாயை மூடிக்கொள்ள அங்கேயே பழகிவிட்டேன்.

உன் பாகற்காயும் எனக்குப் பிடிக்காது. மன்னித்துவிடு.

அக்காவின் பரவாயில்லை மாப்பிள்ளை
(கையெழுத்தில் அந்தச் சொல் இருக்கிறதென்று கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடாதே)

ஜூன் 26

வீட்டுக்காரருக்கு,

பாகற்காய் என்றதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கைப்பக்குவத்தை ஊரே மெச்சுகிறது. ஆனாலும் உங்களோடு சண்டை போடலாமென்று இப்போதுதான் முதல்முறையாகத் தோன்றுகிறது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அக்கா வீட்டு மாடியில் வேறு நாட்டு டீச்சர் ஒருவர் குடியிருக்கிறார். வேகவைக்காத மீன் துண்டு ஒன்று கொடுத்தார். வாயில் போட்ட வேகத்தில் வெளியே வந்துவிட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு குழாயைத் தேடினார், நான் சிரித்தேன். இப்போது தினமும் வருகிறார். துப்பியும் சிநேகம் கெடவில்லை, பார்த்தீர்களா.

ஒன்று கேட்க வேண்டும். கிளம்புவதற்கு முன் மூன்று நாள் உங்கள் காப்பியில் வேண்டுமென்றே உப்புப் போட்டேன். மூன்று நாளும் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தீர்கள். நான் எதைக் கொடுத்தாலும் ஒன்றுதானா? அதனால்தான் போனேன்.

நான்

ஜூலை 3

அன்புள்ளவளுக்கு,

முதல் மடக்கிலேயே தெரிந்தது. நாக்குதானே என் பிழைப்பு. அந்த வாரம் உன் மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. உப்பு, சர்க்கரை இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி, தடுமாறிவிட்டாய் என்று நினைத்தேன். சொன்னால் உனக்கு வருத்தமாகுமே என்று குடித்தேன். மூன்றாம்நாள் சாயங்காலம் “உப்பு” என்று கொட்டை எழுத்தில் எழுதி டப்பாவில் ஒட்டினேன். நீ அடுப்படிப் பக்கமே வரவில்லை. மறுநாள் காலையில் பெட்டியோடு வாசலில் நின்றாய். தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காப்பி வாயில் வைக்க வழியில்லை. இப்போது நானே போட்டுக் குடிப்பதும் அப்படித்தான். நீ இல்லாமல் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை.

உன்னவன்

ஜூலை 8

என்னவருக்கு,

கண்ணாடி உடைந்தது எனக்கே மறந்துவிட்டது.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். தாளைக் கிழித்துவிடாதீர்கள். கடல்பாசி மிச்சமிருந்தால் எனக்கும் எடுத்து வையுங்கள், பிடிக்காவிட்டால் உங்கள் எதிரிலேயே துப்புவேன். காப்பி நான்தான் போடுவேன். எந்த டப்பாவிலிருந்து போட்டேன் என்று கேட்காதீர்கள். குடித்துப் பார்த்துவிட்டு முகம் சுளிக்க வேண்டுமென்றால் நன்றாகச் சுளியுங்கள். அந்த முகத்தை நான் இன்னும் பார்த்ததில்லை.

உங்களவள்