அறுபது வயது ஆண், பெயர் வேண்டாம்

நைனா,

நர்சிங் பதிவைப் புதுப்பிக்கச் சான்றிதழ் தேடியபோது, பெட்டியின் அடியிலிருந்து என் பழைய கேஸ் நோட்டு வந்தது. மனநல நர்சிங் படித்தபோது எழுதியது. 'நோயாளி பூட்டை ஐந்து முறை இழுத்துப் பார்க்கிறார்' என்ற வரியில், ஐந்தைப் பென்சிலால் அடித்து மேலே மூன்று என்று திருத்தியிருக்கிறது. உன் கையெழுத்து.

ஆவடித் தொழிற்சாலையில் முப்பது வருடம் உதிரிபாகங்களை அளந்து பார்த்து அனுப்பிய ஆள் நீ. வெளுத்ததெல்லாம் பால் என்று ஒருநாளும் நம்பியதில்லை. இந்தப் படிப்பில் நான் சேர்ந்தபோதும், "மென்டல் ஆஸ்பத்திரியா? உள்ள இன்னா நடக்குதோ, யாரு கண்டா?" என்று ஒரு வாரம் வாசல் டீக்கடையில் ஒளிந்து நின்று வேவு பார்த்தாய். எனக்கும் அதே புத்திதான். நீ நிற்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன்.

எனக்கு ஒதுக்கிய நோயாளியை அவருடைய தம்பி திடீரென்று வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். ஒரே நோயாளியோடு பத்து நாள் பேசி, கேட்டதையும் சொன்னதையும் வரிக்கு வரி எழுதித் தரவேண்டும். இல்லையென்றால் ஒரு வருடம் வீண். வேறு நோயாளியைக் கேட்டால் டியூட்டர் என்ன நினைப்பாரோ என்று பயம். திருநின்றவூர் வீட்டில் மாலைதோறும் உன் எதிரே உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, போலீஸு மாதிரி கேட்டுக்கினு கீற?"

"சும்மாதான் நைனா. உன்னாண்ட பேசி எவ்ளோ நாளாச்சு."

நம்பாமல்தான் பார்த்தாய். ஆனாலும் பேசினாய். பக்கத்து வீட்டுக்காரர் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார், உன் பென்ஷன் தபாலை யாரோ பிரித்துப் படிக்கிறார்கள் என்றாய். அம்மா போன பிறகு ராத்திரியில் வீட்டுக்குள் யாரோ நடப்பது போல் இருக்கிறது என்றும் சொன்னாய். நீ தூங்கப் போகுமுன் பூட்டை இழுத்துப் பார்ப்பது உட்பட எல்லாவற்றையும் நோய் அறிகுறியாக எழுதினேன். அறுபது வயது ஆண், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்று பொய்யும் சேர்த்தேன்.

பாஸாகிவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அந்த நோட்டை அப்புறம் நான் திறக்கவே இல்லை. வேலைக்குப் போன முதல் நாள் நீ பக்கத்து வீட்டுக்காரரிடம், "என் பொண்ணு என்னை வெச்சே கத்துக்கினா" என்றாய். அவர் சிரித்தார். விளையாட்டாகச் சொன்னாயா, தெரிந்து சொன்னாயா என்று நீ சாகும்வரை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்றைக்குத்தான் கவனித்தேன். உன் பென்சில் எழுத்தின் மேல் டியூட்டரின் சிவப்பு மை ஓடியிருக்கிறது. அப்படியென்றால், நான் நோட்டைக் கொடுப்பதற்கு முன்பே நீ திருத்தியிருக்கிறாய். அந்த வரி நான்காம் நாள் பக்கத்தில் இருக்கிறது. ஒருவேளை படித்துவிட்டுத்தான் மிச்ச நாளெல்லாம் என் எதிரே வந்து உட்கார்ந்தாயா? யாரையும் நம்பாத மனுஷன், உன்னை நோயாளி என்று எழுதிக்கொண்டிருந்தவளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். நினைக்கவே வெட்கமாக இருக்கிறது, நைனா.

இப்போது வார்டில் யாரிடம் பேசினாலும், "இத நான் எழுதிக்கட்டுமா?" என்று முதலில் கேட்கிறேன். சிலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்து வேண்டாம் என்கிறார்கள். பேனாவை மூடிவிடுகிறேன். கேட்காமல் எழுதியது உன்னை மட்டும்தான்.