நெருப்பு மூட்டக்கூடாத ஃபயர்பிளேஸ்

நோபல் பார்க், மெல்பேர்ன்
13 யூலை 1974

இஞ்சாருங்கோ,

நான் வேலைக்குப் போகிறேன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் கூட்டிவரப் போயிருக்கும் நவரத்தினம் அண்ணருக்கும் போதும்.

ஃபயர்பிளேசுக்குள் சூடு தாங்கும் நெருப்புக்கல் பதிக்கத் தொடங்கியது சித்திரையில். இப்போது ஆடி பிறக்கப் போகிறது, இந்த ஊரில் நடுக் குளிர்காலம். வேலை அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முடித்த நாளிலிருந்து, "கல்லில கரி பிடிச்சிடும், மூட்டாதையும்" என்று சொல்லி, மூன்று கிழமையாக எங்களைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட வைத்தீர்கள். வருகிற ஆட்களுக்கு டோர்ச் அடித்துக் காட்டுகிறீர்கள். மூலஸ்தானத்துப் பிள்ளையாருக்கே கர்ப்பூரம் கொளுத்துகிறார்கள். உங்கள் கல்லுக்கு நெருப்பு ஆகாதாம்!

இன்று காலை சின்னவள் விரல் விறைத்து, பென்சில் பிடிக்க முடியாமல் அழுதாள். மூட்டிவிட்டேன். அவள் இப்போது பக்கத்து வீட்டில். தணல் இருக்கிறது, கம்பித் தட்டியை எடுக்க வேண்டாம்.

தவமணி

பி.கு.: டோர்ச்சைத் தேடாதீர்கள். பற்றரியை ரேடியோவுக்குப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று: ஒரு கல்லும் வெடிக்கவில்லை, புகையும் நேரே மேலே போனது. நீங்கள் நல்ல மேசன் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணர் வருமுன் கரியைத் துடைத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.